அரசர் அனுப்பிய ஆள்

அன்றைக்கு அக்கா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது கோபத்தினாலா, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததனாலா? இதை நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கோபம் என்று சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். அடுப்பு என்று சொன்னால், இதைப் போய் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாகிவிடும். ஆகவே கேள்வி அப்படியே கிடக்கிறது.

நான் அந்தக் கதவடியில் நின்றது ஓர் அரசரின் தூதராக. அரசருக்கு வயது ஒன்பது. என் மகள்தான்.

அக்கா என்று சொல்வது உறவால் அல்ல. டோர்செட் பார்க்கில் நாங்கள் பத்து வருடம் இருந்த அடுக்குமாடியில் அவர் எங்களுக்கு இரண்டு தளம் கீழே இருந்தார். நான் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்தபோது எனக்குத் தெரிந்த முதல் மனிதர், கணவருக்கு அடுத்ததாக, அவர்தான். மகள் பிறந்து நான் வீடு வந்த அன்று லிஃப்ட் பழுது. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார், ஆறு மாத வயிற்றோடு. மூன்று மாதம் கழித்து அவருக்கும் ஒரு மகள் பிறந்தாள். இரண்டு பிள்ளைகளும் இரண்டு வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தார்கள்.

சென்ற தையில் நாங்கள் மோர்னிங்சைட் பக்கம் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினோம். புது வீடு புகும் குடிபூரலுக்கு நாள் வைத்தோம். எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு முறை இருக்கிறது. அழகாக அழைப்புக் காட் அடிக்கலாம், வட்ஸ்அப்பில் படம் போடலாம், ஆனால் வீட்டுக்குப் போய் வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. சொல்லாத இடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கேட்டால் "எங்களுக்குச் சொல்லேல்லை" என்பார்கள். அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவையில்லை.

நான் முறைப்படிதான் செய்தேன். பனி கொட்டிய ஒரு ஞாயிறு, யூனியன்வில்லில் கணவரின் பெரியம்மா வீட்டில் தொடங்கி, பதினொரு வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அக்காவுக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நெருங்கின ஆளுக்கு எதற்கு இந்தச் சம்பிரதாயம் என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, அல்லது களைப்பில் விட்டுவிட்டுப் பிறகு அதற்கு நெருக்கம் என்று பெயர் வைத்தேனா என்பதைப் பல தடவை யோசித்துவிட்டேன். அப்போது நாங்கள் இன்னும் அந்த அடுக்குமாடியில்தான் இருந்தோம். இரண்டு தளம்தான். லிஃப்டில் அரை நிமிடம்கூட ஆகாது.

அக்கா வரவில்லை. பால் பொங்கும்போது எல்லோரும் பானையைப் பார்த்தார்கள், நான் வாசலைப் பார்த்தேன். பின்னேரம் அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"சுகமில்லைப் பிள்ளை," என்றார். அதற்குப் பிறகு நான் எடுத்தால் அவர் வேலையில் இருந்தார், அல்லது குளித்துக்கொண்டிருந்தார், அல்லது பிறகு எடுப்பதாகச் சொல்லி எடுக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவர் மகளையும் என் காரில்தான் கூட்டிப்போவேன். பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார். வீடு மாறியதில் பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே வேறு வேறு பள்ளிக்கூடம். வகுப்பும் இல்லையென்றால் அவர்கள் சந்திக்க ஓர் இடமும் இல்லை.

"அவ ஏன் வாறேல்ல, அம்மா?"

"அவைக்கு அலுவல்."

"ஃபோர் மந்த்ஸா அலுவலா?"

பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பதில் இப்படியும் ஒரு கஷ்டம் இருக்கிறது.

வைகாசியில், இந்த நாட்டுக்கும் அரசரான இங்கிலாந்து அரசர் தலைநகர் ஒட்டாவாவுக்கு வந்தார். பாராளுமன்றத்தை அவரே திறந்து வைத்து உரை வாசித்ததைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தில் பார்த்திருந்தார்கள். சனிக்கிழமை ஆசிரியரைக் கேள்வியால் குடைந்தார்கள். ஆசிரியர் எங்கள் பெற்றோர் எல்லோரையும்விட இளையவர், இங்கேயே பிறந்தவர், கிழமை நாட்களில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. பாராளுமன்றம் தானாகக் கூடுவதில்லை, அரசர் அழைத்தால்தான் கூடும், வழக்கமாக அவர் பெயரில் இங்குள்ள அவருடைய பிரதிநிதி, ஆளுநர் நாயகம், அழைப்பார் என்று சொல்லிக்கொடுத்தார். ஆனி மாதக் கடைசி வகுப்பில் நாங்களும் ஒரு பாராளுமன்றம் கூட்டுவோம், தமிழில், என்றும் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தான் இருக்கும் பகுதியின் உறுப்பினர். அரசரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள்.

என் மகளின் பெயர் வந்தது. வகுப்பில் கை உயர்த்துவதற்கே பயப்படும் பிள்ளை. காரில் ஏறியதும் மெல்லிய குரலில், "அம்மா, ஐ ஆம் த கிங்," என்றாள். ஏதோ காய்ச்சல் வருத்தம் வந்துவிட்டது என்பதுபோல.

அரசரின் முதல் வேலை, பதின்மூன்று உறுப்பினர்களுக்கும் அழைப்புக் கடிதம் எழுதுவது. எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். வகுப்பில் கொடுத்தால் போதும். நான் அதை அப்படி விளங்கிக்கொள்ளவில்லை. அழைப்பு என்றால் வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்று ஊறிப்போன தலை. டொலர் கடையில் தங்கக் கரை போட்ட உறைகள் வாங்கினேன். மகள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பதின்மூன்று கடிதம் எழுதினாள். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

முதல் வீட்டில், கதவைத் திறந்த அன்ரி என் சேலையையும் உறையையும் பார்த்தார்.

"இப்பதானே குடிபூந்தனீங்கள். உது என்ன, அடுத்த வீடோ?"

"இல்லை அன்ரி, பாராளுமன்றம்."

"ஐயோ, அதையும் வாங்கியாச்சோ!"

விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, ரோல்ஸ் வந்துவிட்டது. எந்த வீட்டிலும் உறையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியவில்லை. நாலாவது வீட்டில் அரசர் என் காதுக்குள், "அம்மா, இனி ரோல்ஸ் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ," என்றார். ஆனால் வீட்டுக்கு வீடு அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்ததைக் கவனித்தேன். ஆறாவது வீட்டில் ஒரு தகப்பன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு கேட்டார்:

"நாங்கள் வராட்டி அரசர் என்ன செய்வார்?"

"நீங்கள் வருமட்டும் ஸ்ராட் பண்ண மாட்டம்," என்றாள் மகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு நாளில் பன்னிரண்டு வீடு முடிந்தது. ஓர் உறை மிச்சம். டோர்செட் பார்க் உறுப்பினர். அக்காவின் மகள் வகுப்புக்கு வராவிட்டாலும் ஆசிரியர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அந்த உறை எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மூன்று நாள் இருந்தது. மகள் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

நான் செய்தது கோழைத்தனம். மகளுக்குத் தெரியாமல் ஆசிரியருக்கு ஃபோன் எடுத்தேன். வகுப்புக்கு வராத பிள்ளையை விட்டுவிடலாமா, அல்லது தபாலில் போடலாமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"விட ஏலாது," என்றார் அவர். "அரசர் தனக்கு விருப்பமான ஆக்களை மட்டும் கூப்பிட்டா அது பாராளுமன்றம் இல்லை, பேர்த்டே பாட்டி. எதிர்க்கட்சி, கோவக்காரர், எல்லாரையும் கூப்பிடத்தான் வேணும்." பிறகு, "நீங்கள் வீடு வீடாப் போறியள் எண்டு கேள்விப்பட்டன். உண்மையோ?" என்றார்.

"ஓம். பன்னிரண்டு வீடு முடிஞ்சுது."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. "அரசர் உறுப்பினர்கள் இருக்கிற இடத்துக்குப் போகவே கூடாது."

அப்போதுதான் விளக்கினார். கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முன்னர், இங்கிலாந்தில் ஓர் அரசர் தனக்குப் பிடிக்காத உறுப்பினர்களைப் பிடிக்கவென்று ஆயுதக்காரரோடு அவர்களின் சபைக்குள் நுழைந்தாராம். அன்றிலிருந்து முடி சூடிய எவரும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. உறுப்பினர்கள் வேண்டுமென்றால் கறுப்புக் கோல் பிடித்த ஒரு தூதரைத்தான் அனுப்பவேண்டும். லண்டனில் அவர் வரும்போது கதவை அவர் முகத்தில் அடித்துச் சாத்துவார்கள், 'நாங்கள் யாருக்கும் அடிமை இல்லை' என்று காட்ட. அவர் மூன்று முறை தட்டுவார். பிறகுதான் திறப்பார்கள். பாராளுமன்றத்தைக் கூட்டும் அறிவித்தல் வேறு, இந்தக் கதவு தட்டல் வேறு, ஆனால் இரண்டுமே அரசரின் அழைப்புத்தான் என்று சொல்லி, ஒரு வீடியோவையும் அனுப்பிவைத்தார்.

மகள் அதை ஆறு தடவை பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நாங்க பிழையாச் செய்திட்டம். கிங் டோருக்குப் போகக்கூடாது. மிச்சம் ஒரு வீடுதான் இருக்கு. அதையாவது சரியாச் செய்வம்."

"ஓம், செய்வம்."

"அப்ப நீங்கள்தான் தட்டோணும். நான் லிஃப்டடியில நிப்பன்."

எனக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் தும்பைக் கழற்றி, தடிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார்.

"உதைக் கொண்டு போனா அவ உதாலேயே உனக்கு அடி போடப்போறா," என்றார்.

"நீங்களும் வாங்கோவன்."

"அரசருக்கு ஒரு தூதரே காணும், ரெண்டு பேர் தேவையில்லை," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் போனோம். அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டில் ஒன்று வழக்கம்போல் பழுது. மற்றதில் எங்களோடு ஏறிய ஒரு பெண் மகளின் காகிதக் கிரீடத்தையும் என் கையிலிருந்த தடியையும் பார்த்துவிட்டு மூலைக்கு ஒதுங்கினார். தளம் வந்ததும் மகள் இறங்கி, லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றுகொண்டாள். எனக்கு முன்னால் இருபது அடி நடைபாதை. எத்தனை தடவை இரவுடுப்போடு சீனி கேட்டு ஓடி வந்த நடைபாதை! அன்றைக்கு ஒவ்வொரு கதவின் இலக்கத்தையும் வாசித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று முறை தட்டினேன். அக்கா திறந்தார். கையில் எண்ணெய்க் கரண்டி. என்னைப் பார்த்தார், தடியைப் பார்த்தார்.

மகள் பாடமாக்கித் தந்த வசனத்தை நான் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்: "டோர்செட் பார்க் உறுப்பினர், வருகிற சனிக்கிழமை பாராளுமன்றக் கூட்டத்துக்குத் தவறாமல் சமுகமளிக்கும்படி மாட்சிமை தங்கிய அரசர் அழைக்கிறார்."

"ஆர் உந்த ராசா?"

நான் திரும்பி லிஃப்டடியைக் காட்டினேன். மகள் அங்கிருந்து கை அசைத்தாள்.

"அவ ஏன் அங்கை நிக்கிறா?"

"அரசர் உறுப்பினரின்ரை வாசலுக்கு வரக் கூடாதாம் அக்கா. ஆள் அனுப்பித்தான் சொல்லோணுமாம்."

அக்கா தலையை ஆட்டினார். "பாத்தியே, ராசாவுக்கே தெரிஞ்சிருக்கு, வீட்டை ஆள் அனுப்பிச் சொல்லோணும் எண்டு. சில ஆக்களுக்கு வட்ஸ்அப் காணும்."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை. சொல்வதற்கு முன் கதவைச் சாத்திவிட்டார்.

என் முகத்தில் அடித்ததுபோல இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது நடைபாதையின் மறுமுனையிலிருந்து மகளின் குரல் முழுத் தளத்துக்கும் கேட்க வந்தது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"அம்மா, இட்ஸ் ஓகே! சாத்தத்தான் வேணும்! அதுதான் ரூல்! திருப்பித் தட்டுங்கோ!"

பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நான் தடியால் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்காவின் கையில் கரண்டிக்குப் பதிலாக ஒரு தட்டு நிறைய வடை. அவருக்குப் பின்னால் அவருடைய மகள், குதிக்காத குறையாக.

"எண்ணெய் புகையுது, நீ உங்கை நிண்டு பிரசங்கம் வைக்கிறாய்," என்றார் என்னிடம். பிறகு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ராசா, வாங்கோ உள்ளுக்கை, வடை சாப்பிடலாம்!"

"ஏலாது அன்ரி! உள்ள வந்தா பாராளுமன்றத்துக்கு இன்சல்ட்!"

"அப்ப பாராளுமன்றம் அங்கை போகட்டும்."

அக்காவின் மகள் தட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். அரசரும் உறுப்பினரும் லிஃப்டடித் தரையில் சப்பாணி கொட்டி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோலக் கதைக்க ஆரம்பித்தார்கள். லிஃப்டால் இறங்கியவர்கள் அவர்களைச் சுற்றி நடந்தார்கள். நான் வாசலில், அக்கா வாசலுக்கு உள்ளே. அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. நான் தடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சனிக்கிழமை நான் வந்து ஏத்தவோ அக்கா?"

"பாப்பம்," என்றார்.

எங்கள் பேச்சில் 'பாப்பம்' என்றால் ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். சனிக்கிழமை வரை நான் இரண்டாகவும் மாறி மாறி எடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் எடுத்த ஃபோனுக்குப் பதில் இல்லை. வகுப்பறையில் மேசை கதிரைகளை இரண்டு பக்கமாக எதிரெதிரே போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஊரின் பெயர் எழுதிய மட்டை. பெற்றோர் சுவரோரம் நெருக்கி நின்றோம். 'டோர்செட் பார்க்' கதிரை வெறுமையாக இருந்தது. பத்து மணிக்கு ஆசிரியர் தொடங்கலாமா என்று கேட்டார். மகள் கிரீடத்தைச் சரிசெய்துவிட்டு, "எல்லாரும் வரேல்ல," என்றாள். ஐந்து நிமிடம் போயிற்று. "தொடங்குவமே?" "எல்லாரும் வரேல்ல, சேர்." ஒரு தகப்பன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிள்ளைக்கு வீணான நம்பிக்கை கொடுத்துவிட்டேன், நான் தையில் செய்த பிழைக்கு அவள் எல்லோர் முன்னாலும் அவமானப்படப் போகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய் அவள் காதில் 'காணும் அம்மா, தொடங்கு' என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன்.

பத்தே காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அக்காவும் மகளும், இரண்டு பஸ் மாறி வந்த களைப்போடு. அக்கா கட்டியிருந்தது பட்டுச் சேலை, தலையில் பூ. முறையாகச் சொன்ன இடத்துக்கு முறையாக வந்திருந்தார். வந்த பெற்றோரில் பட்டுக் கட்டியிருந்தது அவர் ஒருவர்தான்.

அரசர் உரையை வாசித்தார். குரல் முதலில் நடுங்கி, பிறகு நிலைத்தது. தன் அரசாங்கம் இடைவேளையை நீட்டும், சனிக்கிழமைகளில் வீட்டுவேலையைக் குறைக்கும் என்று அறிவித்ததும் இரண்டு பக்கமும் மேசையில் தட்டினார்கள். டோர்செட் பார்க் உறுப்பினர் எழுந்து, தன் தொகுதியில் ஒரு லிஃப்ட் எப்போதும் பழுது, அரசர் நேரில் வந்து பார்த்திருக்கிறார், அதற்கு என்ன பதில் என்று கேட்டார்.

"நான் திருத்தித் தருவன்," என்றாள் மகள் உடனே.

"அரசர் அப்பிடி வாக்குக் குடுக்க ஏலாது," என்றார் ஆசிரியர். "அது மந்திரிமாரின்ரை வேலை."

"அப்ப கிங் எதுக்கு?"

"எல்லாரையும் கூப்பிட."

எல்லோரும் சிரித்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

முடிந்தபின் அவரருகே போனேன். என் மனதில் பெரிய பேச்சொன்று தயாராக இருந்தது. "வந்ததுக்குச் சந்தோசம் அக்கா," என்பது மட்டும் வாயில் வந்தது.

"ராசா முறையாக் கூப்பிட்டவர், வந்தனான்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நீ கூப்பிட்டு வரேல்லை."

அதன்பின் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வகுப்பு லீவென்றாலும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் இருவரையும் நூலகத்துக்கு என் காரில் கூட்டிப்போகிறேன். அக்கா கீழே வந்து மகளை ஏற்றிவிடுவார், வடையோ சுண்டலோ தருவார், காலநிலை கதைப்பார். ஆனால் மோர்னிங்சைட்டுக்கு ஒரு தடவையும் வரவில்லை. "ஒருநாள் வாங்கோவன் அக்கா," என்று கார் ஜன்னலால் சொல்லிப் பார்த்தேன். "ஓமோம்," என்றார். கார் ஜன்னலால் சொன்னது அழைப்பில் சேராது என்பது இருவருக்கும் தெரியும்.

கணவர், எல்லாம் சரியாகிவிட்டது, கிளறாதே என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. அரசரின் பெயரால் தட்டியதை என் பெயரால் ஒருமுறை தட்டவேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எதற்குச் சொல்லிக் கூப்பிடுவது? குடிபூரல் முடிந்து ஆறு மாதம். பிறந்தநாள் என்று சாட்டுச் சொன்னால், இதற்கும் ஒரு சாட்டோ என்று நினைப்பார். சும்மா சாப்பிட வாருங்கள் என்று சேலை கட்டி உறையோடு போய் நின்றால் பகிடியாகிவிடுமோ? முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழைப்பதா, அழைத்து அவர் வந்து சாப்பிட்டு முடிந்தபின் கேட்பதா? மகளையும் கூட்டிப்போகலாமா, அல்லது அப்படிப் போனால் திரும்பவும் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்தவள் ஆகிவிடுவேனா?

இதை வாசிக்கிறவர்களில் இப்படி ஒரு வீட்டுக்குச் சொல்லாமல் விட்டுப் பிறகு போய்ச் சொன்னவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். சொல்லாமல் விடப்பட்டவர்களும் இருப்பீர்கள், உங்கள் பதில்தான் எனக்கு இன்னும் முக்கியம். உங்கள் கதவை நான் தட்டினால், நான் முதலில் என்ன சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.